செம்பனை ஊரிலிருந்து நிறம் பழகுவோம்: டிஜிட்டல் ஓவியத்துக்குப் புதியவர்களுக்கு

டிஜிட்டல் ஓவியம் பழக வரும் பிள்ளைகளின் முதல் படங்களில் கோடு சுமாராக வந்திருக்கும், முகமும் முகமாகத்தான் இருக்கும். வண்ணம் பூசிய பிறகுதான் படம் கெட்டுப்போயிருக்கும். மரம் என்றால் பளீர் பச்சை, வானம் என்றால் பளீர் நீலம், தோலுக்கு ஏதோ ஒரு பழுப்பு, நிழலுக்குக் கறுப்பு. உடனே "எனக்கு கலர் சென்ஸ் இல்லை" என்று முடிவு கட்டிவிட்டுப் பென்சில் கோட்டோடு நின்றுவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்தவரை அங்கே நிற்பவர்களுக்கு இருப்பது ஒரே ஒரு பழக்கக் குறை. "இது என்ன நிறம்?" என்று கேட்டுப் பூசுகிறார்கள். "பக்கத்தில் இருப்பதைவிட இது வெளிச்சமா, இருட்டா? பளிச்சா, மங்கலா?" என்று கேட்டால் பாதிப் படம் தானாகச் சரியாகிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளும் வழிதான்.

உதாரணங்களை நான் இருக்கும் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்தே எடுக்கிறேன். மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, சுண்ணாம்புக்கல் மலைகளை ஒட்டிய தோட்டத்து ஊர். ஒரு பக்கம் ரப்பர், இன்னொரு பக்கம் செம்பனை எனும் எண்ணெய்ப்பனை, நடுவில் செம்மண் சடக்கு. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பாதிக்கு மேல் பனியும் மேப்பிள் இலையும் வெளுத்த தோலும்தான். நம் வெளிச்சம் வேறு, நம் தோல் வேறு. நீங்கள் கூலிமிலோ பந்திங்கிலோ இருந்தாலும் நான் சொல்லும் பொருட்கள் பெரும்பாலும் உங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரியும்.

முதலில் திரை

வரையத் தொடங்குவதற்கு முன்னால் கைப்பேசியில் இரண்டு விஷயங்களை அணைக்க வேண்டும். ஒன்று, இரவில் திரையை மஞ்சளாக்கும் 'நைட் லைட்' அல்லது 'ஐ கம்ஃபர்ட்' வசதி. அது போட்டிருந்தால் நீங்கள் பார்க்கும் வெள்ளையே வெள்ளை இல்லை. இரண்டாவது, சில ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளில் இருக்கும் 'விவிட்' திரை. எல்லா நிறத்தையும் கொஞ்சம் தூக்கிக் காட்டும். படம் பார்க்க நன்றாக இருக்கும், வரைய ஆகாது. 'நேச்சுரல்' என்பதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து, தானாகக் கூடிக் குறைவதையும் நிறுத்திவிடுங்கள். கடை முன் நடைபாதையான ஐந்தடியில் வெயில் அடிக்கும்போது அங்கே உட்கார்ந்து வரைந்தால் எல்லாம் இருட்டாகத் தெரியும். நீங்கள் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். அப்புறம் இரவில் திறந்து பார்த்தால் படம் வெளுத்துக் கிடக்கும்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கைப்பேசிக்கு ஐபிஸ் பெயிண்ட் அல்லது மெடிபேங், கணினிக்கு கிரிட்டா. மூன்றையும் காசில்லாமல் தொடங்கலாம். ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட் வாங்குவார்கள். எது நல்லது என்று வாதாடுவதில் ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள். கீழே சொல்லும் எல்லாமே எல்லாவற்றிலும் நடக்கும்.

மூன்று அளவுகள்

நிறம் எடுக்கும் இடத்தில் வட்டம் ஒன்றும் அதற்குள் சதுரமோ முக்கோணமோ இருக்கும். அதோடு எச், எஸ், பி என்று மூன்று எண்களும் இருக்கும் (சில செயலிகளில் பி இருக்கும் இடத்தில் வி). வட்டத்தைவிட இந்த எண்களைக் கவனிக்கப் பழகுங்கள்.

எச் என்பது ஹியூ, நிறத்தின் இனம். 0 முதல் 360 வரை ஒரு சுற்று: 0 சிவப்பு, 60 மஞ்சள், 120 பச்சை, 180 சியான் எனும் பச்சைநீலம், 240 நீலம், 300 மஜெந்தா எனும் ஊதாச்சிவப்பு, மறுபடி சிவப்பு. எஸ் என்பது செறிவு. 100 என்றால் முழுப் பளிச், 0 என்றால் சாம்பல். பி என்பது வெளிச்சம். 0 கறுப்பு. எந்த நிறத்தையும் இந்த மூன்று பண்புகளால் சொல்லிவிடலாம் என்பதை ஒழுங்கான முறையாக்கியவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர். 1905-இல் அதை வெளியிட்டார். செயலிகளில் இருக்கும் அளவுகோல் அவருடையது அல்ல, ஆனால் மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் எண்ணம் அதேதான்.

உள்ளே திரை வேலை செய்வது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் வரும். சிவப்பு ஒளியும் பச்சை ஒளியும் சேர்ந்தால் மஞ்சள். பள்ளியில் ஓவியப் பாடத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று படித்தவர்கள் இங்கே குழம்புவார்கள். அது சாயம் கலக்கும் கணக்கு, இது ஒளி கலக்கும் கணக்கு. ஆகவே எதிர் நிறங்களும் மாறும். சாய வட்டத்தில் சிவப்புக்கு எதிரே பச்சை நிற்கும். திரை வட்டத்தில் சிவப்புக்கு எதிரே சியான், நீலத்துக்கு எதிரே மஞ்சள். எந்தச் செயலியில் வரைகிறீர்களோ அதன் வட்டத்தைப் பின்பற்றுங்கள், போதும்.

இப்போது முதல் பயிற்சி. சாலையோரம் குவித்து வைத்திருக்கும் செம்பனைக் குலை ஒன்றைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். செயலியில் அதைத் திறந்து, நிறம் உறிஞ்சும் கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஊகியுங்கள்: பழுத்த பழத்தின் மேல்பகுதி எச் எவ்வளவு, எஸ் எவ்வளவு, பி எவ்வளவு? எழுதி வைத்துவிட்டுப் பிறகு கருவியால் தொட்டுப் பாருங்கள். காய்கள் கறுப்பு என்று நினைத்திருப்பீர்கள். தொட்டால் இருண்ட ஊதா வரும். ஓலையை 120 என்று ஊகித்திருப்பீர்கள். வெயில் பட்ட ஓலை பெரும்பாலும் 70-க்கும் 100-க்கும் நடுவில், மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும். செறிவும் நினைத்ததில் பாதிதான் இருக்கும். எச் 120, எஸ் 100 என்ற பச்சை பிளாஸ்டிக் வாளியில் உண்டு, தோட்டத்தில் கிடையாது. தினமும் கொஞ்ச நேரம் இந்த ஊகம் செய்து பாருங்கள். எந்தக் காணொளிப் பாடத்தைவிடவும் இதுதான் கண்ணைச் சீக்கிரம் திருத்துகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கைப்பேசிக் கேமரா வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குச் சரிசெய்யும். மாலை மஞ்சளைக் கொஞ்சம் வெள்ளையாக்கும், நிழலைத் தூக்கிக் காட்டும். ஆகவே சில நாள் படமில்லாமலும் பழக வேண்டும். சாம்பல் அட்டை ஒன்றில் பேனா நுழையும் அளவு ஓட்டை போட்டு, அதன் வழியே சுவரையோ மண்ணையோ பாருங்கள். சுற்றியிருப்பது மறைந்து, அந்த நிறம் மட்டும் தனியாகத் தெரியும். "செம்மண்" என்று மூளை சொல்லும் பெயர் விலகி, மங்கலான ஓர் ஆரஞ்சுதான் கண்ணில் படும்.

வெளிச்சமும் இருளும்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். படம் தட்டையாக இருக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை, முகம் பின்னணியோடு ஒட்டிக்கொள்கிறது என்றெல்லாம் வரும் புகார்களில் பெரும்பாலானவை நிற இனத்தால் வருவதில்லை, வெளிச்ச அளவால் வருகின்றன.

பையில் இருக்கும் ரிங்கிட் நோட்டுகளை எடுத்துப் பரப்புங்கள். 1 வெள்ளி நீலம், 5 வெள்ளி பச்சை, 10 வெள்ளி சிவப்பு, 20 வெள்ளி ஆரஞ்சு, இருந்தால் 100 வெள்ளி ஊதா. படம் எடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தில் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றனவோ, சாம்பலில் அவ்வளவு விலகுவதில்லை. பணத்துக்கு அது போதும். எடுத்துக் கொடுக்க நிறமே அடையாளம். ஓவியத்துக்குப் போதாது. சிவப்புச் சட்டைக்காரரைப் பச்சை இலைகளுக்கு முன்னால் நிறுத்தி இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் பூசினால், நிறம் சண்டை போடும், உருவம் மட்டும் பிரிந்து வராது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ளவர்களுக்கு, குறிப்பாக ஆண்களில் அது அதிகம், உருவமே தெரியாமல் போகலாம்.

இங்கே செயலி செய்யும் ஒரு மோசடியை அறிந்துகொள்ள வேண்டும். எச் 60, எஸ் 100, பி 100 என்று மஞ்சளை வையுங்கள். அருகில் எச் 240, எஸ் 100, பி 100 என்று நீலம். இரண்டுக்கும் பி ஒன்றுதான். ஆனால் கண்ணுக்கு மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை, நீலம் கிட்டத்தட்ட இருட்டு. மனிதக் கண்ணை அடிப்படையாக வைத்து 1976-இல் வகுத்த லேப் என்ற அளவுகோலில் 0 கறுப்பு, 100 வெள்ளை. அதில் திரையின் மஞ்சள் ஏறக்குறைய 97, பச்சை 88, சிவப்பு 53, நீலம் 32. காரணம், நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிக வெளிச்சமாகத் தெரியும். நீல ஒளி மிகக் குறைவாகத்தான் வெளிச்சத்தைக் கூட்டும். ஆகவே பி எண் ஒன்றாக இருப்பதை நம்பி வெளிச்சம் ஒன்று என்று நினைக்காதீர்கள்.

சரி, எப்படிச் சோதிப்பது? செயலியில் படத்தைக் கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகளாக, அதாவது லேயர்களாக, வரையலாம். எல்லா லேயருக்கும் மேலே புதிய லேயர் ஒன்று போட்டு, முழுக்கக் கறுப்பால் நிரப்பி, அதன் கலப்பு முறையை (கீழே உள்ள லேயர்களோடு அது சேரும் விதம்) 'கலர்' என்று மாற்றுங்கள். கீழே உள்ள படம் முழுக்கச் சாம்பலாகும், அதுவும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு நெருக்கமாக. அந்த லேயரை மறைத்து வைத்து, வேலைக்கு நடுவே அடிக்கடி திறந்து பாருங்கள். செறிவுக் கோலை இழுத்து 0-க்குக் கொண்டுவரும் வழியும் உண்டு, ஆனால் சில செயலிகளில் அது மஞ்சளையும் நீலத்தையும் ஒரே சாம்பலாக்கிக் காட்டிவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

பயிற்சி இது. லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒன்று, முன்னால் ஒரு வாழை மரம், பின்னால் செம்பனை வரிசை. மூன்றே சாம்பல்களில் வரையுங்கள்: வெளிச்சம், நடுத்தரம், இருட்டு. மென்மையான தூரிகை வேண்டாம், கெட்டியானது எடுங்கள். எது வெளிச்சம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நண்பகல் என்றால் துத்தநாகக் கூரையும் வானமும் ஒரு கூட்டம், சுவரும் மண்ணும் ஒரு கூட்டம், ஓலைக்குக் கீழே இருக்கும் இருள் ஒரு கூட்டம். மூன்றில் காட்சி புரிந்துவிட்டால், மேலே எந்த நிறம் பூசினாலும் படம் நிற்கும். மூன்றில் புரியவில்லை என்றால் முப்பது நிறம் போட்டாலும் நிற்காது. இந்தச் சிறு சாம்பல் ஓவியங்களைத் தீப்பெட்டி அளவில் நிறைய செய்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

நிழல் என்ன நிறம்

நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்கு பிடித்த மாதிரிதான் இருக்கும். நிழல் விழுந்த இடத்துக்கும் ஏதோ ஒரு வெளிச்சம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே. நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். புருவத்துக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் நிழல் விழும்; காலடியில் நிழல் சுருங்கிக் கிடக்கும். வெட்ட வெளியில் வானம் தெளிவாக இருந்தால், நிழலுக்கு வருவது நீல வானத்தின் ஒளி. ஆகவே சிமெண்டுத் தரையில் விழும் நிழல் நீலம் கலந்த சாம்பல். அதே நேரத்தில் வெள்ளைச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெயில் பட்ட செம்மண்ணிலிருந்து எழும்பும் ஒளி அங்கே இளஞ்சிவப்பாகப் பட்டிருக்கும். செம்பனைக்கு அடியில் நின்றால் கதை வேறு. ஓலையைத் துளைத்து வரும் ஒளி மஞ்சள் பச்சை; அங்கே நிற்பவரின் வெள்ளைச் சட்டையில் பச்சை ஏறும். மழைக்கு முன்னால் மேகம் மூடிவிட்டால் இந்த வேறுபாடு எல்லாம் ஒடுங்கிவிடும். நிழலுக்கு ஓரமே இருக்காது, நிறங்கள் எல்லாம் ஒரே மாதிரி அமைதியாகிவிடும். தொடங்குபவர்களுக்கு மேக மூட்டக் காட்சிதான் சுலபம். அதில் தொடங்கி, பிறகு வெயிலுக்குப் போங்கள்.

செயலியில் இதைச் செய்யும் குறுக்கு வழி 'மல்டிப்ளை' லேயர். பொருளின் நிறத்துக்கு மேலே ஒரு லேயரை வெட்டிப் பொருத்தி ('கிளிப்பிங்', அதாவது பொருளின் எல்லைக்கு வெளியே நிறம் போகாதபடி), முறையை மல்டிப்ளை ஆக்கி, அதில் நிழலைப் பூசுங்கள். சாம்பல் எடுக்காதீர்கள். வெட்டவெளி நண்பகலுக்கு எச் 230, எஸ் 30, பி 70 பக்கம் ஓர் இளநீலம் எடுத்துப் பாருங்கள். மேல் லேயரின் எண்ணும் கீழ் லேயரின் எண்ணும் பெருக்கப்படுவதால், சிவப்பும் பச்சையும் அதிகமாகக் குறைந்து, நீலம் குறைவாகக் குறையும். சாம்பல் என்றால் மூன்றும் ஒரே அளவில் குறைந்து படம் செத்துப்போகும். ஆனால் மல்டிப்ளையை நம்பி எல்லாப் படத்துக்கும் ஒரே ஊதா நிழல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்த உடனே தெரிந்துவிடும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே எண்ணை மாற்றுங்கள்.

இன்னொன்று. மென்தூரிகையால் சிவப்பையும் பச்சையையும் இழுத்துக் கலந்தால் நடுவில் சேறு போல ஒரு பழுப்பு வரும். செயலிகள் எண்களை நேராகச் சராசரி எடுப்பதால் அப்படி. நடுவில் வர வேண்டிய நிறத்தை நீங்களே தேர்ந்தெடுத்து ஒரு பட்டையாக வைத்து, அதன் இரு ஓரத்தை மட்டும் கலப்பது நல்லது.

நம் தோலை வரைவது

இணையத்தில் 'ஸ்கின் டோன்' என்று தேடினால் வரும் வண்ணத் தட்டுகளில் நம் தோலுக்கு ஓர் ஓரத்தில் இரண்டு கட்டம் இருக்கும். அதை எடுத்து, கறுப்பால் நிழலும் வெள்ளையால் மினுக்கமும் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். நம் தோல் எல்லாமே ஆரஞ்சு இனம்தான். எச் பெரும்பாலும் 10-க்கும் 30-க்கும் நடுவில். நடுத்தரப் பழுப்புக்கு எச் 20, எஸ் 55, பி 55 என்று தொடங்குங்கள். வெளிச்சம் குறையும் இடத்தில் பி-யை மட்டும் இறக்காமல் எச்சைச் சிவப்புப் பக்கம் தள்ளி, எஸ்ஸைக் கூட்டுங்கள்: எச் 12, எஸ் 65, பி 32. இது இறுதி விதி இல்லை, கிளம்பும் இடம். இன்னும் கறுத்த தோலுக்கு பி-யை இறக்கலாம், ஆனால் எஸ்ஸையும் சேர்த்து இறக்கிவிட்டால் சாம்பல் வந்துவிடும்.

அடர்ந்த தோலில் அழகே மினுக்கத்தில்தான் இருக்கிறது. தோலின் அடி நிறம் இருட்டாக இருப்பதால் மேலே பிரதிபலிக்கும் ஒளி நன்றாகத் தெரியும், அந்தப் பிரதிபலிப்பு ஒளி எதுவோ அதன் நிறத்தில் இருக்கும். நண்பகலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வருபவரின் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வானத்தின் நீலச் சாம்பல் பளபளக்கும். தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதியில் அதே நெற்றி தணலின் ஆரஞ்சில் எரியும். மறுபக்கக் கன்னத்தில் குழல் விளக்கின் குளிர்ந்த வெள்ளை விழும். அந்தக் காட்சியை வரைய நினைப்பவர்கள் முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: தணல் பெரியதா, விளக்கு பெரியதா? இரண்டுக்கும் சம உரிமை கொடுத்தால் முகம் இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒன்றை முக்கியமாக்கி, மற்றதை ஓரத்தில் ஒரு கோடாக விடுங்கள்.

உள்ளங்கையும் உதடும் நகமும் முகத்தின் நிறத்தில் இருக்காது. இதை மட்டும் சரியாகச் செய்தாலே படத்தில் இருக்கும் ஆள் நம் ஆளாகிவிடுவார்.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

பாரிஸில் கோப்லாங் என்ற பெரிய திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் உறுதியாக இல்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் நூலில் குறையில்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. 1839-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதுதான் சாரம்.

நீங்களே செய்து பாருங்கள். எச் 30-இல் ஒரு பெரிய ஆரஞ்சுக் கட்டம், எச் 220-இல் ஒரு நீலக் கட்டம். இரண்டின் நடுவிலும் எஸ் 0, பி 55 என்று ஒரே சாம்பலை வையுங்கள். ஆரஞ்சுக்குள் இருப்பது நீலம் தட்டும், நீலத்துக்குள் இருப்பது மஞ்சள் தட்டும்.

இதில் ஓவியருக்கு நிறைய லாபம் உண்டு. அந்தி நேரத்தில், தீபாவளிக்கு அகல் ஏற்றிய வாசல் ஒன்றை வரைகிறீர்கள். படம் முழுக்க ஆரஞ்சு. விளக்கொளி எட்டாத சுவருக்கு நீலம் தேவை என்று தோன்றும். நீலம் எடுக்காதீர்கள், மிக மங்கலான ஆரஞ்சோ வெறும் சாம்பலோ வைத்துப் பாருங்கள். கண் அதை நீலமாகவே எடுத்துக்கொள்ளும், படமும் ஒற்றுமையாக இருக்கும். புதியவர்கள் வைக்கும் நீலம் அளவுக்கு மீறி நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: வெள்ளைத் திரையில் தனியாக வைத்து நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் வேலையை எப்போதும் வெள்ளைத் தாளில் தொடங்காமல், நடுத்தர மங்கல் நிறம் ஒன்றைப் பூசிவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை நிறம் வேண்டும்

எதிர் நிற ஜோடி, அடுத்தடுத்த நிறங்கள், முக்கோணம் என்று வட்டத்தில் கோடு போட்டுக் காட்டும் சூத்திரங்களை எல்லாப் பாடமும் சொல்லும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு மேல் அவற்றை நம்ப வேண்டாம். வெளிச்ச அளவு சரியில்லாத படத்தை எந்த முக்கோணமும் காப்பாற்றாது.

நான் சொல்லும் கட்டுப்பாடு எளியது: பளிச் நிறத்துக்குப் படத்தில் ஒரே ஓர் இடம். தோலைத் தவிர மற்றதெல்லாம் எஸ் 50-க்குக் கீழே. கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகன் கோவிலின் 272 படிகளுக்கு 2018-இல் பல வண்ணம் பூசினார்கள். கீழே 42.7 மீட்டர் உயரத்தில் பொன்னிற முருகன் சிலை. நேரில் நிற்கும்போது இரண்டையும் கண் தாங்கும், ஏனென்றால் திரும்பித் திரும்பிப் பார்க்கலாம். படத்தில் எல்லாவற்றையும் முழுச் செறிவில் வைத்தால் பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. முருகன் முக்கியம் என்றால் படிகளை மங்கலாக்கி, வெளிச்சத்தில் நெருக்கமாக வையுங்கள். காவடி எடுப்பவர் முக்கியம் என்றால் சிலையின் பொன்னை வானத்தின் வெளிச்சத்தோடு கரையவிடுங்கள். ஊர்க் கோபுரங்களுக்கும் இதே வழிதான். ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் நிறத்தைக் கொடுப்பது பொறுமையான வேலை, ஆனால் முதலில் கோபுரத்தின் வெயில் பக்கம் முழுவதும் ஒரு கூட்டம், நிழல் பக்கம் முழுவதும் இன்னொரு கூட்டம்.

தூரத்து மலை

ஊரைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்புக்கல் மலைகளைக் காலையில் பாருங்கள். அருகில் இருக்கும் மலையில் பாறை வெள்ளையாகவும் செடிகள் கரும் பச்சையாகவும் தெரியும். அதற்கு அடுத்தது நீலப் பச்சை. கடைசியில் இருப்பது வானத்தைவிடக் கொஞ்சம்தான் இருட்டு. நடுவில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புகிறது. தூரம் கூடக்கூட அந்தத் திரை தடிக்கும். ஆகவே தூரம் போகப்போக இருட்டான இடங்கள் வெளுக்க வேண்டும், செறிவு குறைய வேண்டும், எச் நீலம் பக்கம் நகர வேண்டும். முதலில் மாறுவது இருட்டுதான். பின் மலையில் ஒரு கறுப்புக் கோடு விட்டால் அந்த மலை உடனே முன்னால் வந்து நிற்கும்.

புகைமூட்டக் காலத்தில் இது நீலமாக இருக்காது. புகைத் துகள்கள் பெரியவை, எல்லா ஒளியையும் சிதறடிப்பதால் தூரம் வெள்ளைச் சாம்பலாகவோ அழுக்கு மஞ்சளாகவோ போகும். ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் இலை உதிரும் பருவத்தையும் தவறவிடாதீர்கள். மஞ்சளும் செம்பழுப்புமாகத் தோட்டம் மாறி, கிளைகளுக்கு நடுவே வானம் தெரியும். மேப்பிள் மரத்துக்காக ஏங்குகிறவர்கள் அப்போது பக்கத்துத் தோட்டத்துக்குப் போகலாம்.

ஒரு முழுப் பயிற்சி

இதுவரை சொன்னதைச் சேர்த்துச் செய்ய ஒரு வேலை. ஒரே கோட்டோவியம்: லயத்து வீடு, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பின்னால் செம்பனை, தூரத்தில் மலை. மூன்று பிரதி எடுங்கள். ஒன்று நண்பகல், ஒன்று மழைக்கு முந்திய மேகமூட்டம், ஒன்று மாலை ஆறரை மணி வெயில்.

ஒவ்வொன்றையும் முதலில் மூன்று சாம்பலில் பிரியுங்கள். அப்புறம் வெளிச்சத்தின் நிறம் ஒன்று, நிழலுக்கு வரும் ஒளியின் நிறம் ஒன்று என்று ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் சேலை மூன்றிலும் ஒரே மஞ்சள் சேலைதான், ஆனால் மூன்றிலும் எடுக்கும் எண்கள் வேறு. மாலைப் படத்தில் சேலையின் நிழல் மடிப்பு பழுப்பாகக்கூட வரலாம்; பார்ப்பவர் மஞ்சள் என்றே சொல்வார். முடித்ததும் சாம்பல் சோதனை லேயரைத் திறந்து, பாட்டியின் முகம் பின்னணியிலிருந்து பிரிகிறதா என்று பாருங்கள். பிறகு படத்தை வேறு ஒருவரின் கைப்பேசியில் திறந்து பாருங்கள். இரண்டு திரையிலும் நிற்கிறது என்றால் அடுத்ததுக்குப் போகலாம்.

அச்சுக்குப் போகும்போது

கோவில் திருவிழா பேனர், கல்யாண அழைப்பிதழ், பள்ளிச் சட்டை என்று ஏதாவது ஒன்றில்தான் முதல் வருமானம் வரும். திரையில் தெரிவது ஒளி, அச்சில் விழுவது மை. சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் திரையின் எல்லா நிறத்தையும் எட்ட முடியாது. முதலில் அடிபடுவது பளீர் பச்சையும் மின்னும் நீலமும். திரையில் கண்ணைப் பறித்த ஊதாவும் அடங்கிப் போகும். கிரிட்டாவில் 'சாஃப்ட் புரூஃபிங்' என்ற வசதி அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். கைப்பேசியில் வரைகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே செறிவை 85-க்கு மேல் ஏற்றாமல் இருந்தால் ஏமாற்றம் குறையும்.

கடைக்காரரிடம் கோப்பை எந்த வடிவத்தில், எந்த அளவில் கேட்கிறார் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கையில் பிடித்துப் படிக்கும் அழைப்பிதழுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அவ்வளவு தேவையில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். முழு பேனர் அடிப்பதற்கு முன்னால், முகமும் சேலையும் வரும் ஒரு துண்டை மட்டும் சின்னதாக அடித்துத் தரச் சொல்லுங்கள். அதை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள், ஏனென்றால் பேனர் தொங்கப்போவது அங்கேதான்.